வெளிச்சவீடு குழுவின் இரண்டாவது கச்சேரி

நான் பாட்டுக்காரி இல்லை. எந்த வாத்தியமும் தொடத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கேட்பது மட்டும்தான்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு ரெக்கோடிங் பாரில் ஆறு வருடம் வேலை செய்தேன். சனம் வெறும் கசற்றையும் பாட்டுப் பட்டியல் எழுதிய துண்டையும் கொண்டுவந்து தரும். நான் பதிந்து கொடுப்பேன். காலை எட்டு மணி தொடங்கிப் பின்னேரம் வரை சினிமாப் பாட்டுத்தான். அது அலுத்துப்போய், வேறு மாதிரி ஏதாவது காதில் விழாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன்.

எந்தப் பக்கம் புதிதாக ஒரு குழு தொடங்கினாலும் போய்க் கேட்பேன். குருநகர், நல்லூர், பருத்தித்துறை என்று கோயில் திருநாளிலும் வாசிகசாலை விழாவிலும் பெடியள் கிற்றாரும் ட்ரம்ஸும் ஓர்கனுமாக மேடையேறிய காலம் அது. குமர்ப்பிள்ளை தனியே போகக்கூடாதென்று அப்பா காவலுக்கு வருவார். அவர் இன்னாசித்தம்பி, குருநகர்க் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர். பைலா ஆட்டப்பாட்டு அடித்தால் காலால் தாளம் போடுவார். இல்லாவிட்டால் கதிரையிலேயே நித்திரை.

எல்லாக் குழுவும் அதே சினிமாப் பாட்டுகளைத்தான் வாசித்தன. சில குழுக்கள் நடுவில் ஒரு சொந்தப் பாட்டைக் கூச்சத்தோடு நுழைத்துவிட்டு, சனம் முகம் சுளிக்க முதல் அடுத்த சினிமாப் பாட்டுக்குத் தாவிவிடும். நான் போனது அந்த ஒரு பாட்டுக்காகத்தான்.

1990 பங்குனியில், இந்தியன் ஆமி கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த நாட்களில், நெடுவலான ஒருவன் கடைக்கு வந்தான். வயது இருபத்திரண்டு இருக்கும். சேர்ட் பொக்கற்றிலிருந்து ஒரு கசற்றை எடுத்து வைத்தான்.

"இதிலை அஞ்சு கொப்பி அடிச்சுத் தாங்கோ அக்கா."

சத்தம் சரியோ என்று பார்க்க ஹெட்போனைக் காதில் வைத்தேன். முதலில் ஒரு நீண்ட ஒலி வந்தது. ஓர்கன் இல்லை, வயலினும் இல்லை. ஆழத்தில் ஏதோ பெரிய உயிர் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதன்மேல் ட்ரம்ஸ் விழுந்தது, பிறகு கிற்றார், பிறகு ஒரு கரகரத்த குரல்.

கடல் எங்கடை முத்தம் எண்டால்
வேலி ஆர் அடைச்சது?

முற்றத்தை எங்கள் வாய் சொல்கிற மாதிரி முத்தம் என்றே பாடியிருந்தார்கள். நாங்கள் வீட்டில் கதைக்கிற தமிழில் ஒரு பாட்டு வரலாம் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. மீன்பிடிக்கப் பாஸ் கேட்டு வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றிய பாட்டு அது. முடியும்வரை ஹெட்போனைக் கழற்றவில்லை.

"உது ஆற்றை பாட்டு?"

"எங்கடை."

"எந்தப் படத்திலை?"

"படத்திலை இல்லை அக்கா. எங்கடை எண்டால் எங்கடைதான்."

கேட்டதற்கு வெட்கப்பட்டேன். அவன் பெயர் பிலிப்பு, மயிலிட்டிக்காரன். தகப்பன் கடலிலேயே செத்துப்போனார். தாய் லூர்த்தம்மா துறைமுகத்தில் மீன் விற்கிறா. ஜேர்மனியில் இருக்கும் அண்ணை செல்வரட்ணம் அனுப்பிய சிந்தசைசரைத்தான் அவன் வாசிக்கிறான். அருட்பிரகாசம் கிற்றாரும் பாட்டும், சந்தியோகு ட்ரம்ஸ். எதிரொலி வராமல் இருக்க வலைக் கொட்டிலின் நாலு பக்கமும் வலைகளைத் தொங்கவிட்டுப் பதிந்தார்களாம். குழுவின் பெயர் வெளிச்சவீடு.

அஞ்சு கொப்பி அடித்துக் கொடுத்தேன். அவனைக் கேளாமல் ஆறாவதாக ஒன்று எனக்கு அடித்தேன்.

பாஸ்குத் திருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு மயிலிட்டியில் அவர்களுடைய முதல் கச்சேரி. அப்பாவும் நானும் காங்கேசன்துறை மினிபஸ்ஸில் போய், மிச்சத் தூரத்தைக் கரையோரமாக நடந்தோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் பெட்டிகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். வெயில் தாழ முதலே நானூறு ஐந்நூறு பேர் வந்துவிட்டார்கள். கனகாலத்துக்குப் பிறகு சனம் பயமில்லாமல் கூடிய காலம். எல்லாருக்கும் ஆட வேண்டும் போலிருந்தது.

பிலிப்பு சிந்தசைசரில் கை வைத்தான். கசற்றில் கேட்ட அதே ஒலி, ஆனால் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளால் வந்தபோது அது என் நெஞ்செலும்பில் இடித்தது. சந்தியோகு ட்ரம்ஸுக்குப் பின்னால் சேர்ட் இல்லாமல் இருந்து, கள்ளச் சிரிப்போடு அடித்தான். அருட்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். எனக்கு அழுகை வந்தது. ஏனென்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாவது பாட்டிலேயே கூச்சல் தொடங்கியது.

"பைலா போடுங்கோடா!"

"உதென்ன, கப்பல் ஊதுற மாதிரி!"

ஆரோ தென்னங்குரும்பட்டியால் எறிந்தார்கள். பிலிப்பு நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறு பாட்டு, ஆறும் சொந்தப் பாட்டு. கடைசிப் பாட்டு முடிந்தபோது முப்பது பேர்கூட மிஞ்சவில்லை. நான் எழும்பி நின்று கை தட்டினேன். அன்றைக்கு நித்திரை கொள்ளாத அப்பா, "விளங்கேல்லைப் பிள்ளை. ஆனால் உந்தப் பெடியள் பொய்க்கு அடிக்கேல்லை" என்றார்.

மேடைக்குப் பின்னால் போனேன். மூன்று பேரும் தலை குனிந்து வயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இனி வேண்டாம் அக்கா. எங்கடை சனத்துக்கே பிடிக்கேல்லை" என்றான் பிலிப்பு.

"நீங்கள் பிழையான இடத்திலை வாசிச்சிட்டியள். நான் உங்களுக்குச் சரியான இடம் பிடிச்சுத் தாறன்" என்றேன்.

அந்தச் சொல்லை எவ்வளவு இலேசாகச் சொன்னேன்!

வட்டுக்கோட்டையில் படிக்கிற பெடியள் சிலர் கடைக்கு வந்து புதுப் பாட்டு ஏதும் உண்டோ என்று விசாரிப்பார்கள். அவர்களுக்கு அந்த ஆறாவது கசற்றைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டார்கள். ஒருவன் மூன்றாவது தரமும் போடச் சொன்னான். அடுத்த கிழமையே வட்டுக்கோட்டை வாசிகசாலை மண்டபத்தை எடுத்து நோட்டீசும் அடித்துவிட்டார்கள். ஆனி பதினாறு, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. வெளிச்சவீடு.

வைகாசி கடைசியில் பிலிப்பு கடைக்கு வந்தான். முகம் சரியில்லை.

"அக்கா, அண்ணை ஏஜென்சிக்குக் காசு கட்டி எல்லாம் சரிப்பண்ணிப்போட்டார். நான் அஞ்சாம் தேதி கொழும்புக்குப் போகவேணும். அங்கையிருந்து ஜேர்மனி."

"பதினாறாம் தேதி கச்சேரி?"

"அதுதான் சொல்ல வந்தனான்."

நான் சரியென்று சொல்லியிருக்கலாம். எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த மண்டபத்தில், கேட்கத் தெரிந்த சனத்துக்கு முன்னால், அந்த ஒலியை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பசி மாதிரி இருந்தது. அவன் போய்விட்டால் அது இனி எங்கும் கேட்காது.

"பத்து நாள்தானே பிலிப்பு. அடுத்த கூட்டத்தோடை போனால் என்ன?"

"அண்ணையிட்டை என்னெண்டு சொல்லுறது?"

"காய்ச்சல் எண்டு சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். அவனுக்கும் போக மனமில்லை என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். இருவருமாகத் தபால் கந்தோருக்குப் போனோம். அவனுக்கு ஆங்கிலம் வராது. அண்ணைக்குத் தந்தியை நான்தான் எழுதினேன். எனக்குக் கடும் காய்ச்சல், அடுத்த கூட்டத்தோடு வருகிறேன். அவன் பெயரை நானே கீழே போட்டேன்.

ஆனி பதினொன்றாம் தேதி இயக்கத்துக்கும் ஆமிக்கும் திரும்பச் சண்டை தொடங்கியது. கொழும்புப் பாதை பூட்டுப்பட்டது. கரண்ட் நின்றது. அது திரும்ப வரவேயில்லை. பதினைந்தாம் தேதி பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஷெல் வரத் தொடங்க, மயிலிட்டி முழுவதும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தெல்லிப்பழைப் பக்கம் ஓடியது.

நான் மூன்று நாள் அவர்களைத் தேடினேன். தெல்லிப்பழையில் ஒரு பள்ளிக்கூடம் நிறைய மயிலிட்டிச் சனம். அங்கே ஆரோ, "லூர்த்தம்மா ஆக்கள் வட்டுக்கோட்டைப் பக்கம் போட்டினம்" என்றார்கள். சயிக்கிளில் போனேன்.

அந்த வாசிகசாலை மண்டபத்தில்தான் அவர்கள் இருந்தார்கள்.

மேடையில் பாய் விரித்துப் பிள்ளைகள் படுத்திருந்தன. கதிரைகளைக் கவிழ்த்து அடுக்கி, குடும்பத்துக்குக் குடும்பம் சீலை கட்டி மறைத்திருந்தார்கள். வாசல் கதவில் நோட்டீஸ் இன்னும் ஒட்டியபடி இருந்தது. பிலிப்பு சுவரோடு சாய்ந்து இருந்தான். பக்கத்தில் கட்டில் விரிப்பால் சுற்றிய நீளமான ஒரு பொதி, அவனுடைய சிந்தசைசர்.

"சந்தியோகு?" என்று கேட்டேன்.

"தோணியை அவிட்டு விட்டிட்டு வாறன் எண்டு திரும்பிப் போனவன். ஷெல் விழுந்தது." பொதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அருட்பிரகாசம் வீட்டுக்காரர் இந்தியாவுக்கு வள்ளம் பாத்துக்கொண்டிருக்கினம்" என்றான்.

லூர்த்தம்மா அடுப்பு மூட்டுகிற இடத்திலிருந்து வந்தா. பொதியைக் காட்டி, "என்னை நடக்கவிட்டு உதைச் சயிக்கிளிலை வைச்சு உருட்டிக்கொண்டு வந்தவன் பிள்ளை" என்றா. அதில் கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது. பிறகு கதவைக் காட்டினா.

"அந்தக் கடுதாசியிலை இவன்ரை ஆக்களின்ரை பேர் கிடக்குதாம். எனக்கு வாசிக்கத் தெரியாது. உது என்னத்துக்கு இந்த இடத்திலை ஒட்டிக் கிடக்குது?"

நான் சொன்னேன். கச்சேரியைச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். அவ விரல் விட்டு எண்ணிப் பார்த்தா.

"அப்ப அஞ்சாம் தேதி இவன் போர்த்துக்கொண்டு கிடந்தது காய்ச்சலிலை இல்லையே?"

"இல்லை அம்மா."

"நீதானோ மறிச்சனீ?"

"ஓம்."

அவ என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போனா.

இரண்டரை வருடம் தாயும் மகனும் அங்கேதான் இருந்தார்கள். முதலில் மண்டபத்துக்குள், பிறகு பின்காணியில் கிடுகுக் கொட்டிலில். கரண்ட் இல்லாததால் எங்கள் கடையையும் பூட்டிவிட்டார்கள். நான் வீட்டில் அப்பாவோடு சேர்ந்து வலை பொத்தினேன். மாதத்தில் இரண்டு தரம் வட்டுக்கோட்டைக்குச் சயிக்கிள் உழக்குவேன். மாவோ சீனியோ, கிடைத்ததைக் கொண்டுபோவேன். லூர்த்தம்மா வாங்கிக்கொள்ளுவா. அந்த விஷயத்தை அவ பிறகு வாயால் எடுக்கவேயில்லை.

பிலிப்பு தோட்டங்களில் கூலிக்குப் போனான். கடலில் பிறந்தவன் புகையிலைக்குத் தண்ணி கட்டினான். பின்னேரத்தில் சிந்தசைசரை மடியில் வைத்துக் கட்டைகளை அமத்திக்கொண்டு இருப்பான். டக் டக் என்று பிளாஸ்ரிக் சத்தம் மட்டும் வரும்.

"முதல் ஆறு மாசம் அமத்தினால் மனசுக்குள்ளை கேட்டது அக்கா. இப்ப கேக்குதில்லை" என்று ஒருநாள் சொன்னான்.

அந்தச் சிந்தசைசர் பற்றரியிலும் வேலை செய்யும். பெரிய டோர்ச் பற்றரி ஆறு வேண்டும். ஆனால் பற்றரி அரசாங்கம் தடைசெய்த சாமான். வவுனியாவில் ஆமி பிடித்தால் கொண்டுவருகிறவனை மறியலில் அடைத்துவிடுவார்கள். ஊருக்குள் ஒன்றிரண்டு கிடந்தாலும் ஆரும் வெளியில் காட்டமாட்டார்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து றேடியோவில் செய்தி கேட்பார்கள்.

நான் அந்த ஆறையும் தேடத் தொடங்கினேன். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. கொழும்பால் வந்த ஒரு மனிசி பாணுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த இரண்டைத் தந்தா. ஒன்று கோயில் வேலை பார்க்கிற சங்கிலித்தாமிடம் கிடைத்தது. மற்ற மூன்றும் வெயிலில் காய்ந்தவை. இதெல்லாம் ஏன் செய்தேன்? அவனுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது.

1992 நத்தாருக்கு இரண்டு நாள் முந்தி பற்றரிகளைக் கொண்டுபோனேன். பிலிப்பு ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிந்தசைசருக்குள் போட்டான். சின்னச் சிவப்பு வெளிச்சம் பத்தியது.

"ஆக்களைக் கூப்பிடட்டோ?" என்றான்.

மத்தியானம் திரும்பின வெயில். கொட்டில்களுக்கு நடுவே இருந்த வெளியில் நாற்பது பேரளவில் வந்து குந்தினார்கள். மயிலிட்டியில் குரும்பட்டி எறிந்தவர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள். ட்ரம்ஸ் இல்லை, கிற்றார் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. சிந்தசைசருக்குள்ளேயே இருந்த சின்ன ஸ்பீக்கரில் அந்த நீண்ட ஒலி வந்தது. பிலிப்புக்குப் பாடத் தெரியாது. என்றாலும் பாடினான்.

கடல் எங்கடை முத்தம் எண்டால்
வேலி ஆர் அடைச்சது?

ஒருவரும் கூச்சல் போடவில்லை. கந்தப்பு என்ற ஒரு கிழவர், ஐம்பது வருடம் ஆழ்கடலுக்குப் போனவர், துவாயை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். லூர்த்தம்மா கொட்டில் வாசலில் நின்று கேட்டா. மகன் வாசிப்பதை அவ ஒழுங்காகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பாட்டின் நடுவில் ஒலி கரகரத்தது. பிறகு மெலிந்தது. அவன் கட்டைகளை இன்னும் அமத்திக்கொண்டிருந்தான். சிவப்பு வெளிச்சம் அணைந்தது. எல்லாமாகப் பத்து நிமிஷம்கூட இல்லை.

சனம் எழும்பாமல் பார்த்துக்கொண்டு இருந்தது.

"முடிஞ்சுதோ தம்பி?" என்று கந்தப்பு கேட்டார்.

"ஓம் அப்பு. முடிஞ்சுது."

எல்லாரும் போன பிறகு நானும் அவனும் மட்டும் இருந்தோம். அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் முகம் செத்துக் கிடந்தது.

"திருப்பிக் கேட்டிருக்கக் கூடாது அக்கா" என்றான். "மறந்துகொண்டு வந்தனான். புகையிலை, தண்ணி, சாப்பாடு, படுக்கை எண்டு பழகிக்கொண்டு வந்தனான். இப்ப இனி இதுக்குள்ளை இருக்கேலாது."

"பொறு. பாதை திறக்கும்."

"உதைத்தானே முந்தியும் சொன்னனீங்கள், பொறு எண்டு."

அந்த இரண்டரை வருடத்தில் அவன் என்னைக் குத்திச் சொன்ன ஒரே சொல் அதுதான். சொன்னவுடனேயே தலையைக் குனிந்துகொண்டான்.

தை மாதம் அவன் புறப்பட்டான். அப்போது வெளியில் போக இருந்த ஒரே வழி கிளாலிக் கடல். வள்ளத்தில் அக்கரைக்குப் போய், அங்கிருந்து வவுனியா, கொழும்பு. நேவி காணாமல் இருந்தால் தப்பலாம். 1990இல் அவன் பஸ்ஸில் ஏறி, யன்னலோரம் இருந்து போயிருக்க வேண்டிய பயணம் அது. சந்திவரை நான் கூடப் போனேன். சின்னப் பை ஒன்றுதான் கொண்டுபோனான். சிந்தசைசரைத் தாயிடம் விட்டிருந்தான்.

"அங்கை போய்ப் பாட்டு அனுப்பிறன். கேட்டுச் சொல்லுங்கோ" என்றான்.

நான் தலையாட்டினேன். அந்த முறை நான் மறிக்கவில்லை.

இரண்டாம் நாள் கிளாலியில் வள்ளங்களுக்குச் சூடு விழுந்தது என்று கதை வந்தது. சில உடம்புகள் கரை ஒதுங்கின. சிலரை அக்கரையில் கண்டதாகச் சொன்னார்கள். பிலிப்பை உயிரோடும் ஒருவரும் காணவில்லை, உடம்பாகவும் காணவில்லை. நானும் அப்பாவும் ஆசுபத்திரிக்குப் போய், கிடத்தியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதில் அவன் இல்லை. அவன் போன வள்ளம் எதுவென்று சொல்லவும் ஆள் இல்லை.

லூர்த்தம்மா ஒரு மாதம் பொறுத்தா. பிறகு எனக்கு ஆள் அனுப்பினா.

நான் போனபோது கொட்டிலுக்குள் பாயில் இருந்தா. சிந்தசைசரின் மேல் அரிசிப் பானையும் இரண்டு கோப்பையும் வைத்திருந்தது. ஒரு கொப்பித் தாளையும் பேனையையும் என் முன்னால் தள்ளினா.

"மூத்தவனுக்கு ஒரு கடிதம் எழுதித் தா பிள்ளை. செஞ்சிலுவைக் கப்பலிலை போகுமாம்."

"என்ன எழுத அம்மா?"

"தம்பி உங்கை வந்தவனோ எண்டு கேள். வரேல்லையெண்டால் நடந்ததை எழுது."

எழுதினேன். மயிலிட்டி விட்டதை எழுதினேன், மண்டபத்தை எழுதினேன், கிளாலியை எழுதினேன். பிறகு, கேட்காமலே, மற்றதையும் எழுதினேன். 1990 ஆனியில் தம்பிக்குக் காய்ச்சல் இல்லை. அந்தத் தந்தியை எழுதியது நான். ஒரு கச்சேரி கேட்பதற்காக அவனை மறித்தவள் நான். என் பெயர் ஸ்ரெல்லா.

"வாசி" என்றா லூர்த்தம்மா.

முழுவதையும் வாசித்தேன். கடைசி வரிகளையும் விடவில்லை. அவ முழங்காலைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தா.

"அதை வெட்டிவிடட்டோ அம்மா?" என்று கேட்டேன். வெட்டு என்று சொல்லுவா, நீ என்ன செய்வாய் பிள்ளை, காலம் அப்படி என்று சொல்லுவா என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அதற்காகத்தான் கேட்டேன்.

"வேண்டாம்" என்றா. "கிடக்கட்டும். அவனுக்கும் தெரியட்டும்."

தாளை வாங்கி நாலாக மடித்துத் தன் மடியில் செருகிக்கொண்டா. பிறகு, ஒவ்வொரு முறையும் கேட்பது போல, "தேத்தண்ணி வைக்கட்டோ?" என்று கேட்டா.

பதில் இரண்டரை வருடமாக வரவில்லை. அதற்குப் பிறகு பதில் வந்து சேருவதற்கு அங்கே ஒருவரும் இருக்கவில்லை. 1995 ஐப்பசியில் ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வர, எல்லாரும் ஊரை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். அந்தச் சனத்துக்குள் லூர்த்தம்மாவைத் தேடினேன். காணவில்லை. இருட்டில், கொட்டிப் பெய்த மழையில், ஆரை ஆர் கண்டது?

இப்போதும் புதிதாகக் குழு வந்திருக்கிறது, வந்து கேள் என்று யாராவது கூப்பிடுகிறார்கள். நான் போவதில்லை.